திறமைசாலியின் பின்னால் துடைப்பத்தோடு

பணியிலிருந்து விலகுபவர்களிடம் கடைசி நாளில் சற்று நேரம் தனியாகப் பேசுவது என் வழக்கம். அந்த ஆண்டு எங்கள் குழுவிலிருந்து விலகிய மூன்றாவது பொறியாளர், திருப்பிக் கொடுக்க வேண்டிய அடையாள அட்டையை விரலால் சுழற்றியபடி, “வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் இருக்கும் அறையில் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் அதை மனத்துக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். நான்காவது முறை சொல்லிப் பார்க்கும்போது, அந்தக் கேள்வியே வேண்டாம் என்று தோன்றிவிடும்” என்றார். யாரைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

அவர் எங்கள் மென்பொருள் குழுவின் தலைமைப் பொறியாளர். இந்தப் பதிவை எழுத அவரே சம்மதம் தந்திருக்கிறார் என்றாலும் பெயர் இங்கே தேவையில்லை. ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அவருடைய திறமை எத்தகையது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் எப்போதாவது ஒரே தொகை இரண்டு முறை பதிவாகிவிடும். நான்கு பேர் இரண்டு நாட்கள் தேடியும், சோதனைக் கணினிகளில் அந்தப் பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. விடுப்பு முடிந்து வந்த அவர், சர்வர் பதிவுகளை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, பதில் வரத் தாமதமானால் கோரிக்கையை மீண்டும் அனுப்பும் ஒரு சிறிய நிரல் பகுதியைச் சுட்டிக்காட்டினார். முதல் கோரிக்கை தோற்றுப்போகவில்லை, மெதுவாகத்தான் போயிருக்கிறது. இரண்டாவதும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான். அந்தப் பகுதியை எழுதியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “இது கல்லூரி மாணவன் செய்கிற தவறு” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார். பிழை அன்றே தீர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதற்குப் பிறகு நீண்ட நாட்களுக்கு எந்தக் கூட்டத்திலும் தானாக வாய் திறக்கவில்லை.

அவர் கத்துகிறவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமூச்சு விடுவார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் மீதியைத் தானே முடித்துவிட்டு, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார். மற்றவர்கள் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் இடத்தில் “இதை எழுதும் முன் யோசித்தீர்களா?” என்று ஒரே வரியில் குறிப்பெழுதுவார். எல்லாவற்றையும்விட மோசமானது, பகலில் ஒருவர் எழுதி முடித்ததை இரவில் யாரிடமும் சொல்லாமல் அழித்துவிட்டுத் தானே புதிதாக எழுதிவைத்துவிடுவது. காலையில் வந்து பார்ப்பவருக்குத் தன் மூன்று நாள் உழைப்பு இருந்த இடத்தில் அதைவிட மேலான ஒன்று இருக்கும். அது மேலானது என்பதால் புகார் சொல்லவும் முடியாது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக நான் அவருக்குப் பின்னால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அவர் கூட்டத்தில் ஒருவரை மட்டம் தட்டினால், கூட்டம் முடிந்ததும் அந்த ஒருவரைத் தேடிப் போய், “அவர் மனத்தில் ஒன்றும் இல்லை, அவர் பேசும் விதமே அப்படித்தான்” என்பேன். பிற துறைகளுக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்களை நான் மென்மையாக்கித் திருப்பி எழுதி அனுப்புவேன். அவரோடு ஒத்துப்போகாதவர்களை வேறு வேலைக்கு நகர்த்துவேன். இதையெல்லாம் நிர்வாகத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், கடினமான வேலைகளெல்லாம் நேரத்துக்கு முடிவதன் விலையை நான் கொடுக்காமல் மற்றவர்களைக் கொடுக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ தன் சொல் எங்கே போய் விழுகிறது என்று தெரிய வழியே இல்லை. விழுந்த இடத்தை அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் துடைத்து முடித்திருப்பேன்.

குழுத் தலைமையை அவருக்குக் கொடுத்ததும் நான்தான். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், எங்களில் சிறந்த பொறியாளர் அவர் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆலன் பென்சன், டானியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி அதிகம் கிடைத்திருந்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை, சராசரியாக, குறைந்தே போயிருந்தது. விற்பது ஒரு தொழில், விற்கிறவர்களை வளர்ப்பது இன்னொரு தொழில் என்பது சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போது, சிறந்தவரைத் தாண்டி இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.

முதல் உரையாடலை நான் கெடுத்தேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதைப் போலச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அவருடைய சாதனைகளைப் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு, “உங்கள் அணுகுமுறையில் மட்டும் கொஞ்சம் மென்மை இருந்தால் நன்றாக இருக்கும்” என்று முடித்தேன். “எந்த இடத்தில்?” என்று கேட்டார். “பொதுவாகத்தான் சொல்கிறேன்” என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். “பிழை அறிக்கையில் யாராவது ‘பொதுவாக வேலை செய்யவில்லை’ என்று எழுதி அனுப்பினால் நாம் திருப்பி அனுப்பிவிடுவோமே” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக முடிந்தது. அவ்ரகாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், பணித்திறனைப் பற்றிய கருத்துரைகள் என்ன விளைவைத் தருகின்றன என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1996இல் எழுதினார்கள். மொத்தத்தில் கருத்துரை நன்மையே செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில், சொன்னதற்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருக்கிறது. கேட்பவரின் கவனம் செய்த வேலையிலிருந்து விலகித் ‘தான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘அணுகுமுறை’, ‘மனப்பான்மை’, ‘முதிர்ச்சி’ போன்ற சொற்கள் எல்லாமே மனிதரை நோக்கி வீசப்படுபவை. அவற்றைக் கேட்டதும் யாருக்கும் தன்னைக் காத்துக்கொள்ளவே தோன்றும், திருத்திக்கொள்ளத் தோன்றாது.

ஆகவே அடுத்த இரண்டு வாரங்கள் நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் பிழை அறிக்கைக்கு ஒரு வடிவம் உண்டு: எந்தச் சூழலில், என்ன செய்தபோது, என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். அதே வடிவத்தில் மூன்று நிகழ்வுகளை எழுதினேன். உரிச்சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதுவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ‘எரிச்சலோடு’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டு, ‘பதில் முடியும் முன் மடிக்கணினியை மூடினார்’ என்று மாற்றினேன். ஒரு உரிச்சொல்லைத் தூக்கிப்போட்ட பிறகு அங்கே எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அந்த நிகழ்வில் என் சொந்த எரிச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று பொருள். இந்த மூன்றைத் தவிர எழுதிய வேறு இரண்டு நிகழ்வுகளை அப்படிக் கிழித்துப் போட்டேன்.

முதல் இரண்டு அறிக்கைகளுக்கும் அவர் வாதாடினார். “அந்த வடிவமைப்பு தவறுதானே?” என்றார். தவறுதான் என்றேன். “பிறகு என்ன?” மூன்றாவதை எடுத்துக் கொடுத்தேன். புதிய வெளியீட்டுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே ஓர் அமைப்புக் கோப்பில் தவறான மதிப்பு இருப்பதை இளம் பொறியாளர் ஒருவர் பார்த்திருக்கிறார். அது தலைமைப் பொறியாளர் எழுதிய கோப்பு. ‘அவர் எழுதியதில் தவறிருக்க வாய்ப்பில்லை, எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது, கேட்டால் என்ன சொல்வாரோ’ என்று அந்த இளைஞர் பேசாமல் இருந்துவிட்டார். வெளியீட்டு இரவில் மூன்று மணி நேரம் சேவை நின்றுபோனது. அந்த இரவு முழுவதும் விழித்திருந்து அதைச் சரிசெய்தவர் இவர்தான். அறிக்கையை அவர் இரண்டு முறை படித்தார். “அவனுக்குத் தெரிந்திருந்ததா?” என்று கேட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மற்றவர்கள் மனம் புண்படுகிறது என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவரை அது இந்த அளவுக்கு அசைத்திருக்காது. இதை அவருடைய குறையாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அன்பு என்பது அந்த மென்பொருளின் மீதுதான். அதற்குக் கேடு வருகிறது என்று தெரிந்ததும் அவர் கேட்கத் தயாரானார். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பது பிறகுதான் புலப்பட்டது. இதை அவரிடம் சொன்னபோது, “அப்படியென்றால் எனக்கு வந்து சேரும் தகவல் வடிகட்டப்பட்டது” என்றார். ஆமாம், நீங்களே வைத்த வடிகட்டி என்றேன்.

அன்றே இன்னொன்றையும் பேசினோம். அவருக்கு என்ன வேண்டும் என்று, வெட்கக்கேடு, மூன்று ஆண்டுகளில் முதல்முறையாகக் கேட்டேன். முழு அமைப்பின் வடிவமைப்பையும் தீர்மானிக்கும் பொறுப்பு வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பில் இருப்பவர் தன் கைக்குள் இல்லாத ஆறு குழுக்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இன்றிருக்கும் நிலையில் அந்த ஆறில் நான்கு குழுக்கள் உங்கள் பெயரைக் கேட்டாலே வேறு வழி தேடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். இனிமேல் உங்கள் சார்பில் நான் யாரிடமும் போய்ச் சமாதானம் பேசப்போவதில்லை என்பதையும் சொன்னேன். “அப்படியா பேசிக்கொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

எங்கள் சந்திப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வாரம் நடந்தது. மற்றவர்கள் சோம்பேறிகள், படிப்பதில்லை, யோசிப்பதில்லை என்பதுதான் அவருடைய அடிப்படைக் குற்றச்சாட்டு. இவ்வளவு தெளிவான ஒன்று எப்படி அவர்களுக்குப் புரியாமல் போகும் என்று அவர் கேட்பதில் நடிப்பே இல்லை. நான் அவரிடம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்தில் நினைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் விரலால் மேசையில் தட்டச் சொன்னேன். தட்டினார். என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மீண்டும் தட்டினார், இந்த முறை கொஞ்சம் பலமாக. முடியவில்லை. மூன்றாவது முறை அவர் முகத்தில் அந்தப் பழைய பெருமூச்சு வந்து நின்றது. “இதுகூடவா தெரியவில்லை?” என்றார். சொல்லி முடிப்பதற்குள் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்து, சிரித்துவிட்டார்.

அந்த விளையாட்டு எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை. தட்டியவர்கள், கேட்பவர்களில் பாதிப்பேர் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்குத் தலைக்குள் குரலும் இசைக்கருவிகளும் சேர்ந்து முழுப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ மேசையின் ஓசை மட்டும். திறமைசாலிகளின் கடுகடுப்பில் ஒரு பெரும்பகுதி இந்த இடத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். தனக்குக் கேட்கும் பாட்டு மற்றவருக்குக் கேட்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு எங்களுக்குள் ‘தட்டுகிறீர்கள்’ என்பது ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது. கூட்டத்தில் அவர் வேகமெடுக்கும்போது நான் மேசையில் விரலை மெல்ல இரண்டு முறை தட்டுவேன்.

ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் சந்தித்தோம். ஒரே நேரத்தில் ஒரே ஒரு பழக்கம் என்பது மட்டும்தான் விதி. முதலில் எடுத்துக்கொண்டது, சரிபார்ப்புக் குறிப்புகள்: ஒவ்வொரு குறிப்பிலும் காரணம் இருக்க வேண்டும், காரணம் எழுத நேரமில்லையென்றால் குறிப்பும் வேண்டாம். இது அவருக்கு எளிதாக வந்தது. காரணங்கள் அவரிடம் நிறையவே இருந்தன, எழுதத் தேவையிருப்பதாகத்தான் தோன்றியதில்லை. சில வாரங்களில் அவருடைய குறிப்புகளைப் பிற குழுவினர் சேமித்துவைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். அடுத்தது, கூட்டங்களில் கடைசியாகப் பேசுவது. இங்கேதான் அடி சறுக்கியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் அவருடைய பேச்சைவிட அச்சமூட்டியது. எல்லோரும் பேசிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்து, புருவம் அசைந்தால் வாக்கியத்தைப் பாதியில் மாற்றிக்கொண்டார்கள். பேசாமல் இருப்பதும் கேட்பதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் இருவருமே அங்குதான் கற்றுக்கொண்டோம். கடைசியாகப் பேசுவது என்ற விதியை எடுத்துவிட்டு, ஒருவர் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, “சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்று கேட்ட பிறகே மறுக்கலாம் என்று மாற்றினோம். முதல் சில நாட்கள் அது பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. பரவாயில்லை, எந்தப் பழக்கமும் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

இரவில் அடுத்தவர் நிரலைத் திருத்தி எழுதும் பழக்கத்தை விடுவதுதான் அவருக்கு உண்மையான துன்பமாக இருந்தது. “கண்ணெதிரே தவறைப் பார்த்துக்கொண்டு தூங்கச் சொல்கிறீர்கள்” என்றார். ஒரு நாள் பொறுங்கள், மறுநாள் எழுதியவரோடு உட்கார்ந்து, விசைப்பலகை அவர் கையில் இருக்கும்படி திருத்துங்கள் என்றேன். “நான் இருபது நிமிடத்தில் முடிப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது” என்று முதல் வாரம் புகார் சொன்னார். அடுத்த முறை அதே தவறு வராமல் போனால் அந்த இரண்டு மணி நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டேன். கணக்கு என்றால் அவர் யோசிப்பார்.

ஆறாவது வாரம் எல்லாம் கவிழ்ந்தது. வாடிக்கையாளர் பக்கம் பெரிய கோளாறு, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பதினைந்து பேர் இணைப்பில் இருக்கிறார்கள். சோதனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தயங்கித் தயங்கி விளக்கிக்கொண்டிருந்தபோது அவர், “உங்களுக்குத் தெரியாதென்றால் தெரிந்தவர்களைப் பேச விடுங்கள்” என்றார். இணைப்பு முழுவதும் அமைதி. என் கை பழக்கத்தில் தொலைபேசியை நோக்கிப் போனது. அந்தச் சோதனையாளரை அழைத்து இரண்டு ஆறுதல் சொற்கள் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். சொல்லவில்லை. இதுவரை நான் செய்தவற்றில் அதுதான் கடினமானது என்று நினைக்கிறேன். செயல் எதுவுமே இல்லாத ஒன்றை அப்படிச் சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மறுநாள் அவரே என் அறைக்கு வந்தார். தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். பதினைந்து பேர் முன்னால் சொன்னதற்கு ஒருவர் முன்னால் மன்னிப்பு என்றால் மீதிப் பதினான்கு பேருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

அப்போது லினஸ் டோர்வால்ட்ஸின் பேச்சு வந்தது. 1991இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கியவர், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியை 2005இல் உருவாக்கியவர், எங்கள் தொழிலில் அவருடைய திறமையைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. மற்றவர்களின் நிரலைப் பற்றி அவர் எழுதிய வசைகளும் அதே அளவுக்குப் பெயர் பெற்றவை. 2018 செப்டம்பரில், அத்தனை பேரும் படிக்கும் அதே மின்னஞ்சல் குழுவில், தன் நடத்தை சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகச் சொல்லி, சில வாரங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு அக்டோபரில் திரும்பினார். இவருக்கு அந்தச் செய்தி தெரியும். ஆனால் அதுவரை அதை ஒரு திறமைசாலியைப் பலர் சேர்ந்து பணிய வைத்த கதையாகவே எண்ணியிருந்தார். அன்று மாலை அவர் அந்த மின்னஞ்சலைத் தேடியெடுத்து முழுவதும் படித்தார் என்று பின்னால் சொன்னார். அடுத்த வாரக் கூட்டத்தின் தொடக்கத்தில், எல்லோர் முன்னிலையிலும், மிகவும் கரடுமுரடாக, பாதி வாக்கியத்தில் தொண்டை கட்டியவராக, அந்தச் சோதனையாளரிடம் மன்னிப்புக் கேட்டார். நன்றாகச் சொல்லப்பட்ட மன்னிப்பு அல்ல. சோதனையாளர் “பரவாயில்லை” என்று சொல்லவும் இல்லை, தலையை மட்டும் அசைத்தார். அவர் அப்படிச் செய்தது சரியென்றே எனக்குப் பட்டது. மன்னிப்பைக் கேட்ட உடனேயே கொடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

இடையில் ஒன்று. இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து பேசுவதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. அவசரத்தால், அறிவின் வேகத்தால், மற்றவர் நிலை தெரியாததால் காயப்படுத்துகிறவர் வேறு. தனக்குக் கீழே இருப்பவரைத் தேர்ந்தெடுத்துக் காயப்படுத்துகிறவர் வேறு. இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றே: மேலே இருப்பவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? எங்கள் ஆள் நிறுவனத் தலைவர் முன்னிலையிலும் அதே பெருமூச்சைத்தான் விட்டார். மேலே தேனும் கீழே தேளுமாக இருப்பவர்களிடம், அல்லது ஒருவரின் பிறப்பையோ பாலினத்தையோ தோற்றத்தையோ வைத்து இழிவுபடுத்துகிறவர்களிடம், பயிற்சி என்ற பெயரில் மாதங்களைச் செலவிடுவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. அங்கே முறையான புகாரும் விசாரணையும்தான் வழி.

குழுவின் பக்கமும் சில மாற வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளாக எல்லாரும் என் வழியாக அவரிடம் பேசப் பழகியிருந்தார்கள். “நீங்கள் சொன்னால் கேட்பார்” என்று வருகிறவர்களிடம், நீங்களே சொல்லுங்கள், வேண்டுமானால் நான் கூட உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். சிலருக்கு அது நான் கைகழுவுவதாகத் தோன்றியது; ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார். முழுவதும் மறுக்க முடியவில்லை. பலம் குறைந்தவரையும் கூடியவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு நேருக்கு நேர் பேசுங்கள் என்பது நியாயம்போல் தோன்றும் அநியாயமாகவும் ஆகிவிடலாம். அதனால் முதல் சில முறைகள் நான் உடன் இருந்தேன். அமைப்புக் கோப்பில் தவறைப் பார்த்தும் பேசாமல் இருந்த அந்த இளைஞர்தான் முதலில் வந்தார். “நீங்கள் வாக்கியத்தை முடித்துவைத்தால், நான் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கே மறந்துவிடுகிறது” என்றார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

விலகிப்போன மூன்று பேரில் ஒருவரைத் திரும்ப அழைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்றார். அவர் மாறிவிட்டார் என்றேன். “இருக்கலாம், நானும் மாறிவிட்டேன்” என்றார்.

ஓர் ஆண்டு ஆகிறது. அவர் இன்னமும் குறுக்கே பேசுகிறார், முன்பைப்போல் அடிக்கடி அல்ல. களைப்பாக இருக்கும் நாட்களில் அவருடைய குறிப்புகள் மீண்டும் ஒற்றை வரிகளாகச் சுருங்கிவிடுகின்றன. இப்போதெல்லாம் குழுவினரே மேசையில் விரலால் தட்டிக் காட்டுகிறார்கள். அவர் கேட்ட வடிவமைப்புப் பொறுப்பு இன்னும் முழுவதும் கைக்கு வரவில்லை, இரண்டு குழுக்களுக்கு மட்டும் வந்திருக்கிறது. அவருடைய முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது என்று நாங்கள் நெடுநாள் பேசியிருக்கிறோம். கடைசியில் அவரே ஓர் அளவுகோல் சொன்னார்: தொலைபேசியை அணைத்துவிட்டு எத்தனை நாள் விடுப்பில் போக முடிகிறது என்று பார்ப்போம்.

சென்ற மாதம் பத்து நாள் போனார். நான்காம் நாள் சேவை ஒன்று தடுமாறியது. குழுவினர் அவரை அழைக்காமல், தங்களுக்குள் பேசி, ஒரு பகல் முழுவதும் போராடிச் சரிசெய்துவிட்டு, அந்த மகிழ்ச்சியில் குழு உரையாடலில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த நாள் காலையில் அவர் அந்தத் திருத்தத்தை முழுவதும் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்.”

“தவறா?”

சற்று நேரம் யோசித்தார். “தவறில்லை. ஆனால் இரண்டு இடங்களில் பின்னால் சிக்கல் வரும்.” எந்த இரண்டு இடங்கள் என்று விளக்கினார். அவர் சொன்னது சரி.

“அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?”

“நாளைக்குச் சொல்கிறேன்” என்றார். “அது ஒரு நாள் தாங்கும். இன்றைக்கு அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.”